பேம்பர்ஸில் சென்சார்: அம்மாவுக்காகக் கையெழுத்துப் போடலாமா?

3 ஏப்ரல் 2024, மாலை (கேள்வி)

அம்மாவுக்கு 81 வயது. மறதி நோய். சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் இரண்டு வருடமாக இருக்கிறார். இப்போது பேம்பர்ஸில் சென்சார் மாட்டப் போகிறோம், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். ஆளைக் குறைக்கத்தான் இந்த வேலை என்கிறாள் என் தங்கை. எனக்கு அம்மா ஈரத்தில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். இதில் வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

3 ஏப்ரல், இரவு 11.40 (பதில்)

கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேளுங்கள். சென்சார் கூப்பிட்டால் யார் வருவார், ராத்திரி எத்தனை பேர் இருப்பார்கள்? இதற்கு நேராகப் பதில் வந்தால் மேலே படியுங்கள். வராவிட்டால் பதில் வரும்வரை பேனாவை எடுக்க வேண்டாம்.

நான் தாதி. தஞ்சாவூர்ப் பக்கம். 2011 இலிருந்து இங்கே சிங்கப்பூரில்தான், அதில் பெரும்பகுதி தாதிமை இல்லத்தில். எங்கள் வார்டில் 30 கட்டில். இரவில் ஒரு தாதி, இரண்டு உதவியாளர். சென்சார் வருவதற்கு முன் 10 மணி, 2 மணி, 5 மணி என்று மூன்று ரவுண்ட். ஒவ்வொருவரையும் புரட்டி, ஒட்டுப்பட்டையைப் பிரித்து, கையை விட்டுப் பார்ப்போம். பாதிப் பேர் காய்ந்துதான் இருப்பார்கள். காய்ந்திருந்தவரை எழுப்பியாகிவிட்டதே, அவர் விடியும்வரை தூங்க மாட்டார். 2.20க்கு நனைந்தவரோ 5 மணிவரை அப்படியே கிடப்பார். இரண்டும் தினமும் நடந்தது. சென்சார் எதற்கு என்று கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டு மணி ரவுண்டுதான்.

கருவி எளிது. பேடின் (பேம்பர்ஸைத்தான் வார்டில் பேட் என்போம்) உள்ளே மின்சாரம் கடத்தும் மையால் மெல்லிய கோடுகள் அச்சடித்திருக்கும். நனைந்தால் கோடுகளுக்கு நடுவே மின்தடை மாறும். வயிற்றுப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கிளிப். அது புளூடூத்தில் சுவரிலுள்ள பெட்டிக்குச் சொல்லும், பெட்டி எங்கள் கைப்பேசிக்குச் சொல்லும். எவ்வளவு தூரம் நனைந்திருக்கிறது என்று கோடுகளை வைத்து ஒரு மதிப்பு காட்டும். கேமரா இல்லை, மைக் இல்லை. உங்கள் அம்மாவை யாரும் பார்க்கப் போவதில்லை.

4 ஏப்ரல், காலை

தோலைப் பற்றி எழுதாமல் தூங்கிவிட்டேன். ஈரம் என்றால் வெறும் அசௌகரியம் என்று நினைக்கிறார்கள் குடும்பத்தார். நல்ல தோல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், பி.எச் 4 முதல் 6க்குள். சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் அம்மோனியாவாக மாற்ற மாற்ற அந்த அமிலம் போய்விடும். அந்த நேரத்தில் மலமும் சேர்ந்தால், மலத்திலுள்ள செரிமான நொதிகள் இன்னும் வேகமாகத் தோலைத் தின்னும். முதலில் சிவக்கும், அப்புறம் உரியும். 80 வயதுத் தோல் எண்ணெய்த் தாள் மாதிரி. நான் தொட்டு உரிந்ததும் உண்டு, அதை மறக்க முடியாது.

இன்னொன்று. துடைக்கும்போது சாதாரண சோப்பு போடாதீர்கள். அதுவும் காரம்தான். நல்லது செய்வதாக நினைத்து மகள்கள் வீட்டிலிருந்து சோப்புக் கட்டி கொண்டுவந்து தேய்த்துவிட்டுப் போவார்கள். சோப்பில்லாத கழுவு திரவம், ஒற்றி எடுப்பது, தடுப்பு கிரீம், இவ்வளவு போதும்.

4 ஏப்ரல், மதியம்

மலத்தைப் பெரும்பாலான பேட் சென்சார்கள் கண்டுபிடிக்காது. ஈரம்தான் அதற்குத் தெரியும். கெட்டியாகப் போனால் கைப்பேசி காய்ந்ததாகக் காட்டும் பச்சையிலேயே இருக்கும். தோலை வேகமாகக் கெடுப்பது எதுவோ அதற்குத்தான் இந்தக் கருவி குருடு. இதை விற்பனைக்கு வருபவர் தானாகச் சொல்ல மாட்டார்.

7 ஏப்ரல், இரவு

சென்சார் வந்த முதல் இரண்டு வாரம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். அதுவும் ஒரு தாதிதான் போல, கேள்வியிலேயே தெரிகிறது.

கஷ்டமாக இருந்தது. இரவு 12க்குள் கைப்பேசி எத்தனை தடவை கத்தியது என்று எண்ணுவதையே விட்டேன். வியர்வைக்குக் கத்தியது. பேடைச் சரியாக மடித்து வைக்காவிட்டால் கத்தியது. நான்காம் நாள் உதவியாளர் ஒருவர் சத்தத்தைக் குறைத்துப் பையில் போட்டுவிட்டார். நான் திட்டவில்லை. எல்லாவற்றுக்கும் கத்துகிற ஒன்றை மனுஷக் காது கேட்காமல் விட்டுவிடும். பிறகு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் எந்த அளவில் கூப்பிட வேண்டும் என்று தனித்தனியாக மாற்றினோம். தோல் சிவந்தவருக்குச் சீக்கிரம், மற்றவருக்குக் கொஞ்சம் பொறுத்து. அதற்கு அப்புறம்தான் இரவு அடங்கியது.

மூலைக் கட்டிலுக்கு சிக்னலே வரவில்லை. நடுவில் இரும்பு அலமாரி. அலமாரியை நகர்த்த மூன்று நாள் ஆனது, அந்த மூன்று நாளும் அந்தப் பாட்டி 'காய்ந்தே' இருப்பதாகக் கருவி சொன்னது. சிக்னல் இல்லாததையும் ஈரம் இல்லாததையும் ஒரே நிறத்தில் காட்டக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதம் சாம்பல் நிறம் வந்தது.

கருவி காட்டும் அளவை நாங்கள் நம்பவில்லை. அதனால் சமையலறைத் தராசு ஒன்றைக் கேட்டு வாங்கி, கழற்றிய பேடை எடை போட்டோம். காய்ந்த பேடின் எடையைக் கழித்தால் ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். நிறைய நனைந்ததற்கும் கொஞ்சம் நனைந்ததற்கும் வித்தியாசம் சரியாகவே சொன்னது. சொட்டுச் சொட்டாகப் போகிறவர்களிடம் தடுமாறியது.

கிளிப்பைக் கழற்றாமல் பேடோடு குப்பையில் போட்டதும் நடந்தது. கையுறை மாட்டி மூன்று மஞ்சள் பையைப் பிரித்துத் தேடினோம். இப்போது கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னக் கிண்ணம், கிளிப் முதலில் அதில் விழுந்தால்தான் அடுத்த வேலை.

8 ஏப்ரல்

3ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். இரவு ரவுண்டே தேவையில்லை என்று சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். என் எழுத்தின் தப்பு. தானாகப் புரண்டு படுக்க முடியாதவரைப் புரட்டிப் படுக்க வைப்பது வேறு வேலை, அது படுக்கைப் புண்ணுக்காக. பேட் காய்ந்திருக்கிறது என்று கைப்பேசி சொன்னாலும் இடுப்பு எலும்பின் மேல் பாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். சென்சார் வந்ததும் புரட்டுவதை விட்டுவிடும் இல்லம் என்றால் கையெழுத்து போடாதீர்கள்.

அதோடு, ஒருக்களித்துப் படுக்கிறவருக்குக் கிளிப் தொடையில் அழுத்தும். எங்கள் வார்டிலேயே ஒரு அங்கிளுக்குச் செவ்வகமாகச் சிவந்திருந்தது. இடத்தை மாற்றி மாட்டினோம். நீங்கள் பார்க்கப் போகும்போது அந்த இடத்தைப் பாருங்கள்.

12 ஏப்ரல்

"எல்லாம் புதுசு, இன்னும் சோதிக்காதது" என்று ஒருவர் எழுதியிருப்பதால் இது. நனைந்தால் மணி அடிக்கும் யோசனை நூறு வருடத்துக்கு மேல் பழசு. 1904 இல் பிஃபவுண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர், ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் படுக்கையை நனைத்ததும் தாதிக்குத் தெரிய வேண்டும் என்று மின்மணி வைத்தார். தாதிக்காக வைத்த மணியைக் கேட்டுக் கேட்டு நாளடைவில் பிள்ளைகளே நனைப்பதை நிறுத்தினார்கள். 1938 இல் அமெரிக்காவில் மவுரர் தம்பதி அதையே சிகிச்சையாக எழுதினார்கள். இன்றும் படுக்கை நனைக்கும் பிள்ளைகளுக்கு அந்த மணி கொடுக்கிறார்கள்.

தாதிக்காக வைத்தது என்ற இடத்தில் நான் நின்றுபோனேன். மணி ஈரத்தோடு நிற்கவில்லை, ஈரத்துக்கு முந்தின நிமிடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. மறதி நோய் உள்ள பெரியவர் அப்படிப் பழகிக்கொள்ள மாட்டார். அவருக்குப் பதில் நாங்கள் பழகிக்கொள்ளலாம்.

ஜப்பானில் 2017 இலேயே டி-ஃப்ரீ என்ற சென்சாரைப் பேம்பர்ஸில் வைத்து முதியோர் இல்லங்களில் பயன்படுத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

13 ஏப்ரல்

நேற்றைய கடைசி வரி தவறு. டி-ஃப்ரீ பேம்பர்ஸுக்குள் வைப்பதில்லை. அடிவயிற்றில் ஒட்டுவது, அல்ட்ராசவுண்டில் சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து, போகும் நேரம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்வது. பெயரே டயப்பரிலிருந்து விடுதலை என்ற அர்த்தத்தில் வைத்தது. ஜப்பானில் முதியோர் பராமரிப்புக்கென்றே 2000 இலிருந்து ஒரு காப்பீடு இருக்கிறது. 2022 ஏப்ரலில் இந்த மாதிரி 'முன்கூட்டிச் சொல்லும்' கருவிகளையும் அதில் வாங்கலாம் என்று சேர்த்தார்கள். ஹெல்ப்பேட் என்று இன்னொன்று, மெத்தை மேல் விரிக்கும் விரிப்பு, வாடையை வைத்து மலத்தையும் கண்டுபிடிக்கும். உடம்பில் ஒன்றும் மாட்ட வேண்டாம்.

நனைந்த பிறகு சொல்வதும் நனைவதற்கு முன் சொல்வதும் ஒன்றே அல்ல. முதலாவது நல்ல பேம்பர்ஸ். இரண்டாவதில்தான் ஒரு மனுஷர் நடந்துபோய் கமோடில் உட்கார்கிறார். உங்கள் அம்மாவின் இல்லத்தில் எது என்று கேளுங்கள்.

19 ஏப்ரல், இரவு டியூட்டி முடிந்து

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

எங்களிடம் ஒரு தமிழ்ப் பாட்டி இருந்தார். மன்னார்குடிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலில் வந்தவர். மலாய் சரளமாகப் பேசுவார், மறதி வந்ததும் மலாய் முதலில் போனது. தமிழ் மட்டும் மிச்சம். நான் டியூட்டியில் இல்லாத நாளில் வார்டில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. பர்மாக்காரப் பெண் ஒருத்தி அவரிடம் மிகவும் பிரியமாக இருப்பாள். பாட்டி அவளிடம் தினமும் காலையில் "வெளிக்கிப் போகணும் தாயி" என்பார். அந்தப் பெண்ணுக்குப் புரியாது. ஒருநாள் என்னிடம் 'வெளி' என்றால் என்ன என்று கேட்டு, வெளியே என்று தெரிந்துகொண்டாள். நான் எந்தச் சந்தர்ப்பத்தில் கேட்கிறாள் என்று விசாரிக்கவில்லை. மறுநாளிலிருந்து பாட்டி கேட்டதும் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, கீழே தோட்டத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள். காற்று வாங்க ஆசைப்படுகிறார் என்று.

பாட்டி தோட்டத்திலேயே பேம்பர்ஸில் போய்விடுவார். அழுவார். "தோட்டத்துக்குப் போனால் அழுகிறார், பதற்றம்" என்று குறிப்பேட்டில் ஏறியது. இரண்டு வாரம்.

வேறொரு காரணத்துக்காக அவருக்கு 72 மணி நேரம் சென்சார் மாட்டினோம். மூன்று நாளும் காலை 7.10க்கும் 7.30க்கும் நடுவே கருவியின் பதிவில் ஒரே மாதிரிப் பெரிய ஏற்றம். அந்த நேரம் நானே போய் நின்றேன். என்னைப் பார்த்து அதையே சொன்னார். நம் ஊரில் கொல்லைக்குப் போகணும், வெளிக்குப் போகணும் என்றால் எதற்கு என்று எனக்குத் தெரியாதா? கமோடில் உட்கார வைத்தேன். முடித்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டார்.

ஈரத்தைச் சென்சார்தான் சொன்னது. பாட்டி அதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வாயைத் திறந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

21 ஏப்ரல்

முந்தைய குறிப்புக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பர்மாக்காரப் பெண்ணைக் குறை சொன்னவர்களுக்கு: வேண்டாம். அவள் புரிந்துகொள்ள முயன்றாள். வார்த்தையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு மேலே கேட்காமல் விட்டது நான்.

சிறுநீர் வந்தால் இங்கே சீனப் பெரியவர்கள் ஹொக்கியனில் "பாங் ஜியோ" என்பார்கள், மலாயில் "கென்சிங்". தாதியை "மிஸ்ஸி" என்று கூப்பிடுவார்கள். இந்த வார்த்தைகளை நான் வந்த முதல் மாதமே கற்றுக்கொண்டேன், யாரும் பாடமாக நடத்தவில்லை. தமிழுக்கும் யாராவது அப்படி எழுதி வைத்திருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

அந்த 72 மணி நேரப் பதிவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். எனக்குச் சென்சாரின் முழு மதிப்பும் அதில்தான் இருப்பதாக இப்போது படுகிறது. பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். தினமும் விடிகாலை 5.40 வாக்கில் நனைத்துவிடுவார். நாற்பது வருடம் முதல் பஸ் எடுத்த மனுஷர், உடம்பு அந்த நேரத்துக்கு எழுந்துவிடுகிறது. 5.15க்கு எழுப்பிக் கூட்டிப் போனோம். பேட் காய்ந்தது. மூன்றாம் வாரம் சென்சாரைக் கழற்றிவிட்டோம்.

இன்னொருவருக்கு இரவில் மட்டும் வெள்ளம். மருந்துத் தாளைப் பார்த்தால் நீர் மாத்திரை, அதாவது சிறுநீரை அதிகமாகப் போக வைப்பது, மாலை 6 மணிக்கு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் யாரோ போட்ட நேரம், அப்படியே தொடர்ந்திருக்கிறது. டாக்டர் காலைக்கு மாற்றினார். கால் வீங்கியவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி ராத்திரி சிறுநீராக வரும். மதியம் காலைத் தூக்கி வைத்துப் படுக்க வைத்தால் குறையும். மலச்சிக்கலும் பார்க்க வேண்டும், நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும். ஒழுங்காக இருந்தவர் திடீரென்று அடிக்கடி நனைத்தால் கிருமித் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

இவை எதையும் சென்சார் சொல்லவில்லை. நேரத்தை மட்டும் சொன்னது. அந்த நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

22 ஏப்ரல்

கோயம்புத்தூரில் அப்பாவை வீட்டிலேயே வைத்துப் பார்க்கும் அண்ணன் ஒருவர், இதை வரவழைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள் அண்ணா. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூன்று நாள், மணி போட்டு நாலு கட்டம்: என்ன எவ்வளவு குடித்தார், கூட்டிப் போனபோது போனாரா, நனைந்திருந்ததா, மாத்திரை எப்போது. பகலில் இரண்டு மணிக்கொரு தரம் "போகலாமா அப்பா" என்று கேளுங்கள், போனால் நல்ல வார்த்தை சொல்லுங்கள். நேரம் பார்த்துக் கேட்டுக் கூட்டிப்போகும் இந்த முறையை அமெரிக்கத் தாதிமை இல்லங்களில் 1980களிலேயே ஆராய்ந்து, பலன் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். நனைந்துவிடும் என்று தண்ணீரைக் குறைக்க வேண்டாம், சிறுநீர் கெட்டியானால் எரிச்சல் அதிகமாகி இன்னும் அவசரமாக வரும்.

என் அப்பாயிக்கு அம்மா பழைய வேட்டியைக் கிழித்து மடித்துப் போடுவார். கொடியில் வரிசையாகக் காயும். கோழி கூவியதும் ஒருதரம், மாடு கறந்ததும் ஒருதரம் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப் போவார். அப்பாயி கடைசிவரை புண்ணில்லாமல் போனார். அப்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

2 மே

தங்கை சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம், அவர் சொன்னதில் பாதி உண்மை.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில், சென்சார் வந்த அடுத்த மாதம் பேட் செலவுக் கணக்கை எடுத்தார்கள். 'இன்னும் நிறையவில்லை' என்றால் மாற்றக் கூடாது என்று வாய்வழி உத்தரவு. ஒரு ஆன்டி என் கையைப் பிடித்து மாற்றச் சொல்லிக் கெஞ்சினார். கைப்பேசி மஞ்சளில் நின்றது. நான் மாற்றினேன், விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், எழுதினேன். அவருக்கு ஈரமாக இருக்கிறது என்று அவரே சொல்கிறார், அதற்கு மேல் எனக்கு எந்த அளவுகோலும் வேண்டாம் என்று எழுதினேன். அங்கே அதிக நாள் இல்லை.

அதே இடத்தில் தாதிகள் மேசை மேல் பெரிய திரை. கட்டில் எண், பெயர், பக்கத்தில் நீலச் சொட்டு. பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். பள்ளி ஆசிரியராக இருந்தவர் ஒருவரின் பழைய மாணவர் அதற்கு முன்னால் நின்று பெயரைத் தேடியதை நான் பார்த்தேன். இப்போது இருக்கும் வார்டில் முதல் நாளே திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பச் சொன்னேன், பெயரை எடுக்கச் சொன்னேன். இரண்டும் செய்தார்கள்.

9 மே

ஆள் குறைப்பு பற்றி இன்னும் ஒரு யோசனை. 2030 இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்பது அரசாங்கக் கணிப்பு. எங்களைப் போல வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர் வந்தாலும் போதாது. அதனால் கருவி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். வீணாகப் பிரித்துப் பார்த்த பேடுகளிலிருந்து மிச்சமான அந்த நேரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் வார்டில் 5.15க்கு அங்கிளைக் கூட்டிப் போக அந்த நேரம்தான் கை கொடுத்தது. மூன்று பேரை இரண்டாக்கியிருந்தால் அவர் மறுபடி நனைத்திருப்பார்.

உண்மையில் நனைத்தார். மார்ச் கடைசியில் புது ஆட்கள் வந்தார்கள், 5.15 என்பது யார் தலையிலும் இல்லை. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். 21ஆம் தேதி நான் எழுதியபோது இது நடந்துவிட்டது, நல்லபடியாக முடிந்த கதையாக எழுத ஆசைப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது அவர் பராமரிப்புத் திட்டத்தில் மணியோடு எழுதியிருக்கிறது, ஒப்படைக்கும்போது வாய்விட்டுச் சொல்கிறோம்.

15 மே

கேள்வி கேட்ட தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுவிட்டாராம். இரவில் மூன்று பேர், குறைக்க மாட்டோம், மூன்று நாள் பதிவை டாக்டரோடு உட்கார்ந்து பார்ப்போம், அம்மா பிடுங்கினால் கழற்றிவிடுவோம் என்று எழுதி வாங்கியிருக்கிறார். நல்ல வேலை செய்தீர்கள். அம்மாவிடமும் ஒருதரம் சொன்னீர்களா? மறதி நோய் என்று பெயர் இருப்பதாலேயே ஒருவருக்கு எதுவும் முடிவெடுக்கத் தெரியாது என்று வைத்துக்கொள்ளக் கூடாது, இங்கே சட்டமும் அப்படித்தான். கிளிப்பை அவர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் சொல்லும்.

வேறென்ன கொண்டு போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இடுப்பில் இழுவைப் பட்டி வைத்த பாவாடை, நைட்டியென்றால் முன்பக்கம் பட்டன் வைத்தது. சீக்கிரம் கழற்ற முடிந்தால் உட்காரும் முன்பே நனைவது குறையும். அப்புறம் கட்டில் தலைமாட்டில் ஒட்ட ஒரு தாள். அம்மா என்ன சொன்னால் என்ன அர்த்தம் என்று பெரிய எழுத்தில், அங்கே வேலை செய்கிறவர்கள் படிக்கிற மொழியில். ஒன்னுக்கு, ரெண்டுக்கு, வெளிக்கு, கொல்லைக்கு, கால் கழுவணும், வயிறு வலிக்குது. வாயால் சொல்லாமல் சேலைத் தலைப்பைத் திருகுவார், நெளிவார் என்றால் அதையும் எழுதுங்கள்.

அம்மா எந்த ஊர்? உங்கள் வீட்டில் இதற்கு என்ன வார்த்தை சொல்வார்கள்? எழுதி அனுப்புங்கள், நாளைக்கு எனக்கு ஓய்வு நாள், பர்மிய எழுத்தில் என் கூட வேலை செய்கிற பெண்ணிடம் எழுதி வாங்கித் தருகிறேன்.